கறியும் ஃப்ரீசரும் கைப்பக்குவமும்

ஃப்ரீசரின் அடியில் மாதக்கணக்கில் கிடந்த கறிப்பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கும்போது ஒரு வாடை வரும். கெட்டுப்போன கறியின் நாற்றம் இல்லை அது. பழைய எண்ணெயும் நனைந்த அட்டையும் சேர்ந்தாற்போல ஒரு மந்தமான வாடை. கவரின் உட்புறம் வெள்ளைவெளேரென்று பனித்தூள் ஒட்டியிருக்கும். துண்டுகளின் ஓரம் வெளுத்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத சமையலறைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த வாடை, அதற்கு நேர் எதிரான ஒரு வாசனையை நினைவுக்குக் கொண்டுவரும். ஜாடியில் எடுத்துவைத்த உப்புக்கண்டத்தை மழைநாளில் நல்லெண்ணெயில் பொரித்தால் பக்கத்து வீடுவரை மணக்கும். இரண்டும் மாதக்கணக்கில் வைத்திருந்த கறிதான். ஒன்று மணக்கிறது, ஒன்று மூக்கைச் சுளிக்க வைக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, மெஷினில் வைத்தால் கறி செத்துப்போகும், வெயிலில் காய்ந்ததுதான் கறி என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஃப்ரீசரால் கறியின் ருசி கெடுவதில்லை. ஃப்ரீசர் வந்த கையோடு, கறியை எடுத்துவைக்கிற பக்குவத்தை நாம் விட்டுவிட்டோம். ருசி கெடுவது அதனால்தான்.

அந்தப் பக்குவம் என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைக்குக் கறி என்பது அன்றன்றைக்கே முடிகிற பொருள். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வருமுன்பே கறிக்கடையில் ஆள் சேரும். ஊர்ப்புறங்களில் தீபாவளிக்கு நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி வெட்டிப் பங்கு போடுவார்கள். தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஈரல் எல்லாம் ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் விழும்படி பார்த்துப் பார்த்து வைப்பார்கள். தேக்கிலையிலோ பனையோலையிலோ வீடு வந்த கறி மதியத்துக்குள் குழம்பாகிவிடும். மிஞ்சியதை இரவில் ஒரு கொதி, மறுநாள் காலையில் ஒரு கொதி என்று சுண்டவைத்து இட்லிக்கு முடித்துவிடுவார்கள். கிடாவெட்டு, பக்ரீத் போன்ற நாட்களில் கறி மிகுதியாக வரும்போதுதான் உப்புக்கண்டம். எலும்பில்லாத, கொழுப்பில்லாத கறியாகப் பார்த்து எடுத்து, நீள நீளமாக மெல்லிசாகக் கீறி, உப்பும் மஞ்சளும், சில வீடுகளில் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசறி ஊறவைப்பார்கள். பிறகு ஊசியால் நூலில் கோத்து வெயிலில் கட்டுவார்கள். ஒரு துண்டு இன்னொன்றைத் தொடக் கூடாது. காக்கைக்குக் காவல் இருக்க ஒரு பிள்ளையை உட்கார வைப்பார்கள். மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்து, மறுநாள் மறுபடியும் வெயில். கண்டம் விறகுச் சிராய்போல விறைத்த பிறகுதான் ஜாடிக்குப் போகும், ஜாடியின் வாயைத் துணிபோட்டு இறுகக் கட்டுவார்கள்.

இதில் எந்த வேலையும் வெறும் சடங்கு இல்லை. கொழுப்பை விலக்கியது, கொழுப்புதான் முதலில் காறிப்போகும் என்பதால். மெல்லிசாகக் கீறியது, உள்ளே இருக்கிற ஈரம் விரைவாக வெளியேற வேண்டும் என்பதால். இடைவெளி விட்டது, எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் காய வேண்டும் என்பதால். வாயைக் கட்டியது, காற்றும் ஈரமும் திரும்ப உள்ளே போகக் கூடாது என்பதால். தண்ணீர், காற்று, நேரம் ஆகிய மூன்றையும் கட்டுக்குள் வைத்தால் கறி நிற்கும் என்பதை அந்தப் பெண்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கையால் தெரிந்துவைத்திருந்தார்கள்.

குளிரூட்டும் பெட்டி வந்த கதை வேறு. ஐஸ் சென்னைக்குப் பழையதுதான். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க அமெரிக்க வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் 1842-இல் கடற்கரையோரம் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்தக் குளிர் நம் வீட்டுச் சமையலறைக்கு வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் நடுத்தர வீடுகளில் பரவலாகக் குடியேறியபோது, அதன் மேல்தட்டில் ஐஸ் கட்டி வைப்பதற்கென்று இருந்த சின்ன அறை கறிக்கும் இடமானது. கடையிலிருந்து கட்டிவந்த கவரை அப்படியே, அல்லது அலசிய தண்ணீர் சொட்டச் சொட்ட இன்னொரு கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, இரண்டு கிலோவை ஒரே உருண்டையாக உள்ளே தள்ளுவது வழக்கமாயிற்று. மெஷின் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் காரணம். கண்டத்துக்குக் காட்டிய அக்கறையில் கால்பங்குகூட இந்தக் கவருக்குக் காட்டப்படவில்லை.

மெஷின் எதைப் பார்த்துக்கொள்கிறது, எதை நம்மிடம் விட்டுவிடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கறியில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைய தண்ணீர். தண்ணீர் உறைந்து ஐஸாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். கறியிலுள்ள நீர் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே உறையத் தொடங்குகிறது. மைனஸ் 1 டிகிரியிலிருந்து மைனஸ் 5 டிகிரி வரையிலான இடைவெளியில்தான் பெரும்பகுதி ஐஸாக மாறுகிறது. அந்த இடைவெளியைக் கறி வேகமாகக் கடந்தால் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடிப் படிகங்கள் உருவாகும், தசைநாருக்குச் சேதம் குறைவு. மெதுவாகக் கடந்தால் படிகங்கள் நின்று நிதானமாக வளர்ந்து நாருக்கும் நாருக்கும் நடுவே ஊசியாய்ப் பாய்ந்து கிழிக்கும். உருக்கும்போது பாத்திரத்தில் தேங்குகிற சிவப்பு நீர் அந்தக் கிழிசல் வழியாக வந்ததுதான். அதை இரத்தம் என்று நினைத்துக் கொட்டிவிடுகிறோம். இரத்தம் இல்லை, கறியின் சொந்தச் சாறு, தசையின் நிறமியும் ருசியும் சேர்ந்தது. அது போனபிறகு குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் துண்டு சக்கையாகத்தான் இருக்கும்.

ஆக, உறையும் வேகம்தான் முதல் காரியம். வீட்டு ஃப்ரீசருக்கு வேகம் கிடையாது. வேகத்தை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும். இரண்டு கிலோ உருண்டையின் நடுப்பகுதி உறைய ஒரு நாள்கூட ஆகலாம். அதே கறியை அரைக்கிலோ அரைக்கிலோவாகப் பிரித்து, இரண்டு விரல் தடிமனுக்குத் தட்டையாகப் பரப்பினால் சில மணி நேரத்தில் முடியும். தடிமன் பாதியானால் உறையும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கும். பொட்டலத்தை எவர்சில்வர் தட்டின்மேல், ஃப்ரீசரின் சுவரை ஒட்டி வைத்தால் உலோகம் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது உறைந்த பிறகுதான். உப்புக்கண்டத்தை மெல்லிசாகக் கீறிய கையும், துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்ட கையும் இங்கே அப்படியே வேலைக்கு வருகின்றன. வேகமாக உறைய வேண்டும் என்ற இந்த உண்மையை வணிகமாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். 1912 முதல் சில ஆண்டுகள் இன்றைய கனடாவின் லாப்ரடாரில் இருந்தபோது, அங்குள்ள இனுயிட் மக்கள் பிடித்த மீன் அந்தக் கடுங்குளிர்க் காற்றில் உடனுக்குடன் உறைவதையும், மாதங்கள் கழித்து உருக்கினாலும் புதுமீன்போலவே இருப்பதையும் கண்டார். 1924-இல் அவர் தொடங்கிய தொழிலின் அடிப்படை, உணவைத் தட்டையான பொட்டலமாக்கி இரண்டு குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி உறையவைப்பது. 1953-இலிருந்து நம் நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற உறைந்த இறாலும் பெரும்பாலும் தட்டையான கட்டிகளாகத்தான் போயிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். என்ன செய்தாலும் அன்று வெட்டிய கறிக்கு ஈடாகுமா என்பார்கள். நம் ஊரில் இது வெறும் ருசிக் கேள்வி இல்லை, மானக் கேள்வி. விருந்தாளிக்கு ஃப்ரீசர் கறி வைத்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது. மதிக்க வேண்டிய உணர்வுதான். ஆனால் அன்று வெட்டியதே எப்போதும் மேல் என்பதைத் தசையின் இயல்பு ஒப்புக்கொள்வதில்லை. ஆடு அறுபட்ட பிறகு சில மணி நேரத்தில் தசை விறைக்கிறது. பிறகு, குளிரில் வைத்திருந்தால், தசைக்குள்ளேயே இருக்கிற நொதிகள் நாரை மெல்ல இளக்குகின்றன. விறைப்பு வருமுன் குளிர் தாக்கினால் தசை சுருங்கிக் கடினமாகும் என்பதை 1963-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் லாக்கரும் ஹாக்யார்டும் காட்டினார்கள். விறைப்பு வருமுன்பே முழுக்க உறைந்துவிட்ட கறியோ, உருகும்போது இன்னும் மோசமாகச் சுருண்டு சாற்றைக் கொட்டும். விடியற்காலை அறுத்து ஏழு மணிக்குக் கைக்கு வந்து எட்டு மணிக்கு ஃப்ரீசருக்குப் போகிற நம் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு நேர்வது இதுதான். கறி ரப்பராக வருகிறது, பழி ஃப்ரீசர்மேல் விழுகிறது. வெளியில் வைத்து விறைப்பு வரட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. நம் வெயிலில் இரண்டு மணி நேரம்கூடக் கறி வெளியில் இருக்கக் கூடாது. வாங்கிய கறியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து மறுநாள் ஃப்ரீசருக்கு மாற்றுவதே வீட்டில் செய்யக்கூடிய நல்ல வழி.

தூரமும் காலமும் கறியைக் கெடுத்தே தீரும் என்பவர்களுக்கு ‘டனீடின்’ என்ற பாய்க்கப்பலின் பயணம் நல்ல பதில். 1882 பிப்ரவரி 15-இல் நியூசிலாந்தின் போர்ட் சாமர்ஸ் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 5,000 உறைந்த உடல்களுடன், பெரும்பாலும் செம்மறி, அது லண்டனுக்குப் புறப்பட்டது. வெப்பமண்டலத்தைக் கடக்கும்போது சரக்கறைக்குள் குளிர்க்காற்று சீராகப் பரவவில்லை என்பதைக் கவனித்த கேப்டன் விட்சன், காற்றுக்குழாய்க்குள் ஊர்ந்துபோய்ப் புதிதாகத் துளைகள் வெட்டினார். குளிரில் விறைத்து, அவரையே வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. மூன்று மாதத்துக்கும் மேலான பயணத்துக்குப் பின் லண்டனில் இறக்கியபோது கழித்துக் கட்டப்பட்டது ஒரே ஓர் உடல். அந்த வெற்றியில் மெஷினுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு, குளிர்க்காற்று எங்கே போகவில்லை என்று பார்த்த மனிதனுக்கும் உண்டு.

உறைந்த பிறகும் கறி சும்மா இருப்பதில்லை. இரண்டாவது எதிரி காற்று. ஐஸ் தண்ணீராகாமலே நேராக ஆவியாகும். ஃப்ரீசரின் வறண்ட காற்றில் இது ஓயாமல் நடக்கிறது. கவருக்குள் ஒட்டியிருக்கும் அந்தப் பனித்தூளை வெளியிலிருந்து வந்தது என்று தட்டிவிடுகிறோம். அது கறிக்குள் இருந்த தண்ணீர். அது வெளியேறிய இடத்தில் கறி பஞ்சாகி வெளுக்கிறது, அந்தப் பஞ்சு வழியே காற்று உள்ளே நுழைந்து கொழுப்பைக் காறவைக்கிறது. முதலில் சொன்ன வாடை பிறப்பது இப்படித்தான். குளிர், கிருமிகளை முடக்கும் அளவுக்குக் கொழுப்பின் காறலை முடக்குவதில்லை, மெதுவாக்கத்தான் செய்கிறது. ஆகவே கறிக்கும் கவருக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. கனமான கவரில் கறியைப் பரப்பி, வாயைத் திறந்தபடியே ஒரு வாளித் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினால் தண்ணீரின் அழுத்தம் காற்றை மேலே தள்ளிவிடும். விளிம்பு தண்ணீரைத் தொடுமுன் மூடிவிட வேண்டும். பிறகு அதன்மேல் இன்னொரு கவர். பாதி காலியான டிபன் டப்பாவில் போட்டு மூடுவது காற்றையும் சேர்த்துப் பூட்டி வைப்பதுதான். அலசிய கறியாக இருந்தால் நன்றாக வடித்து, சுத்தமான துணியால் ஒற்றிவிட்டுத்தான் கவரில் போட வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் பழைய அனுபவம் இங்கே நேர்மாறாகப் போகிறது. உப்பு இல்லாமல் கண்டம் இல்லை. ஃப்ரீசருக்கோ உப்பு ஆகாது. உறைந்த கறியில் உப்பு இருந்தால் கொழுப்பு சீக்கிரம் காறும். மசாலா தடவி வைத்த கறியை ஒரு வாரத்துக்குள் சமைப்பதென்றால் பாதகமில்லை. மாதக்கணக்கில் வைப்பதற்கு வெறும் கறிதான் சரி. கொழுப்பை விலக்குவது மட்டும் இரண்டுக்கும் பொது. எவ்வளவு நாள் என்பதும் இந்தக் கொழுப்பையும் காற்றையும் பொறுத்ததே. மைனஸ் 18 டிகிரியில் எலும்போடு கூடிய ஆட்டுக்கறி ஆறு மாதத்துக்கு மேலும் நல்ல ருசியோடு நிற்கும். துண்டு போட்ட கோழி 9 மாதம். கொத்துக்கறியும் ஈரலும் 3 அல்லது 4 மாதம். மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன் 2, 3 மாதம். கொத்துக்கறி ஏன் சீக்கிரம் கெடுகிறது என்றால், கொத்தக் கொத்த காற்றுப்படும் பரப்பு கூடுகிறது. இவை ருசிக்கான கெடு. அந்தக் குளிர் விடாமல் இருந்தால், கெடு தாண்டியதாலேயே கறி விஷமாகிவிடாது. பொட்டலத்தின்மேல் தேதி எழுதிய ஒரு சின்னச் சீட்டு இதற்குப் போதும். ஃப்ரீசர் கோழியை வேகவைக்கும்போது எலும்பைச் சுற்றிக் கருத்திருப்பதைக் கண்டு சிலர் தூக்கி எறிகிறார்கள். இளங்கோழியின் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையின் நிறம் உறைதலில் வெளியே கசிந்ததுதான் அது. ஒரு கெடுதலும் இல்லை.

மைனஸ் 18 என்றெல்லாம் சொல்வது ஆய்வுக்கூடத்துக்குச் சரி, கரண்டு போய்ப்போய் வருகிற ஊரில் ஆகுமா என்பது நியாயமான கேள்வி. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டில் வாழ்ந்தவர்களும், 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா ஊர்களில் நாள்கணக்காக இருட்டில் இருந்தவர்களும் கேட்காமல் யார் கேட்பார்கள்? பதிலை மறைக்க வேண்டியதில்லை. பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளறை எல்லாம் மைனஸ் 18-ஐத் தொடுவதில்லை. அந்த உள்ளறையின் கதவில் நட்சத்திரக் குறி இருந்தால் ஒன்றுக்கு மைனஸ் 6, இரண்டுக்கு மைனஸ் 12, மூன்றுக்கு மைனஸ் 18 என்று பொருள். ஃப்ரிட்ஜின் முகப்பில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்துக்கானவை. இதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஐஸ் கட்டுகிறதே என்று நம்பி மைனஸ் 6-இல் மாதக்கணக்கில் கறி வைக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். குளிர் ஏறி இறங்கினால் பொடிப்படிகங்கள் கூடிப் பெரும்படிகங்களாகும் என்பதும் உண்மை. ஆனால் நிறைந்த ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் விட்டால், கரண்டு இல்லாமலே இரண்டு நாள் தாங்கும்; பாதி நிறைந்தது ஒரு நாள். இடம் காலியாக இருந்தால் பாட்டிலில் தண்ணீரை முக்கால் அளவுக்கு ஊற்றி உறையவைத்து நிரப்பலாம். மூடிவைத்துவிட்டுப் பொறுத்திருப்பதுதான் மின்வெட்டு நேரத்தில் கறிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. புயலுக்குப் பின் வாரக்கணக்கில் இருட்டு என்றால் எந்தப் பக்குவமும் நிற்காது. அப்போது கறியைக் காப்பாற்ற நினைக்காமல் முதல் நாளே சமைத்துத் தீர்ப்பதே அறிவு.

இதைவிட ஆழமான ஒரு மறுப்பும் உண்டு. ஃப்ரீசர் இல்லாத காலத்தில் மிஞ்சியது அடுத்த வீட்டுக்குப் போயிற்று; இன்று பெட்டிக்குள் போகிறது என்கிறார்கள். தூக்குவாளியில் குழம்பு வீடு மாறிப்போன வழக்கம் குறைந்திருப்பது கண்கூடு, எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் அதற்கு ஃப்ரீசரை மட்டும் குற்றம் சொல்ல மனம் ஒப்பவில்லை. பக்ரீத் கறியை மூன்று பங்காக்கி, ஒன்றை உறவுக்கும் ஒன்றை ஏழைகளுக்கும் கொடுப்பவர்கள் வீட்டில் ஃப்ரீசர் வந்த பிறகும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மறுபக்கம், வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியலைக் கறிக்கடை வரிசையில் கழிக்காமல், புதன்கிழமை இரவிலும் பிள்ளைக்கு நல்ல கறி போட முடிகிறதென்றால், அந்தச் சௌகரியத்தைக் குறைத்துப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை.

கடைசிப் பக்குவம் உருக்குவதில் இருக்கிறது, பெரும்பாலும் கை தவறுவதும் இங்கேதான். சமையல் மேடையில் காலையிலிருந்து மாலைவரை கறியை வைத்திருப்பதும், வெந்நீர் ஊற்றுவதும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள். நடுவில் ஐஸ் இருக்கும்போதே மேற்புறம் சூடேறி, குளிரில் முடங்கியிருந்த கிருமிகள் விழித்துப் பெருகும். ஃப்ரீசர் அவற்றைத் தூங்கவைத்ததே தவிரக் கொல்லவில்லை. முதல் நாள் இரவே ஒரு கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவது எல்லாவற்றிலும் மேல். அவசரமென்றால் கவரைப் பிரிக்காமல் பச்சைத்தண்ணீரில் போட்டு, அரைமணிக்கொருமுறை தண்ணீரை மாற்றலாம். தட்டையான பொட்டலம் இதிலும் சீக்கிரம் இளகும். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருகிய கறி மிஞ்சினால் திரும்ப உறையவைப்பதில் ஆபத்தில்லை, ருசிதான் இன்னொரு படி இறங்கும். வெளியில் உருகியதை உடனே சமைத்துவிட வேண்டும். குழம்புக்கோ சூப்புக்கோ என்றால் உருக்கவே வேண்டாம். தட்டையான கட்டியை அப்படியே கொதிக்கிற மசாலாவில் போட்டு, வழக்கத்தைவிடப் பாதி நேரம் கூடுதலாக வேகவிட்டால் போதும், வடியும் சாறும் குழம்புக்கே சேரும். வறுவலுக்கும் பிரியாணிக்கும் மட்டும் முழுக்க உருக்கி, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். மிஞ்சிய குழம்பையும் ஃப்ரீசரில் வைக்கலாம். கறித்துண்டுகள் சாற்றில் மூழ்கியிருப்பதால் காற்றுப்படாமல் இரண்டு மூன்று மாதம் நன்றாக நிற்கும். உருளைக்கிழங்கு போட்டிருந்தால் அதை மட்டும் எடுத்துவிட வேண்டும். உறைந்து உருகிய கிழங்கு நீர்விட்டுக் கொழகொழத்துப்போகும். சூடாக்குகிற அன்றைக்குப் புதிதாக வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.